புற்றுநோய்க்கு டி.பி. மருந்தா? சிறுநீர்ப்பைக்குள் விடும் பி.சி.ஜி. பற்றிக் கேள்வி பதில்

தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு மருத்துவமனையில், சிறுநீரகவியல் வார்டில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்காரர்களுக்கு பி.சி.ஜி. என்ற டி.பி. தடுப்பு மருந்தை விடுவது பல வருடம் என் அன்றாட வேலை. அதைப் பற்றி டெல்டா முழுவதிலிருந்தும் வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். கேட்டவர்களின் ஊரை மட்டும் போட்டிருக்கிறேன், பெயர் வேண்டாம். சிகிச்சையில் உங்கள் ரிப்போர்ட்டைக் கையில் வைத்திருக்கும் டாக்டர் எடுப்பதுதான் முடிவு. அந்த முடிவு ஏன் என்று புரிந்தால் பயம் பாதி குறையும். அதற்காகத்தான் எழுதுகிறேன்.

மன்னார்குடி: சிஸ்டர், அப்பாவுக்கு 64 வயது. சிறுநீர்ப்பையில் இருந்த கட்டியை ஸ்கோப் வழியாகச் சுரண்டி எடுத்துவிட்டார்கள். இப்போது வாரம் ஒன்றாக ஆறு வாரம் டி.பி. தடுப்பு மருந்தைச் சிறுநீர்ப்பைக்குள் விட வேண்டும் என்கிறார்கள். புற்றுநோய்க்கும் டி.பி.க்கும் என்ன சம்பந்தம்? அப்பாவுக்கு டி.பி. இருப்பதை மறைக்கிறார்களோ என்று அம்மா அழுகிறார்.

அம்மாவுக்கு முதலில் இதைச் சொல்லுங்கள். உடம்பில் டி.பி. நோய் நடப்பில் இருப்பவருக்கு இந்த மருந்தைக் கொடுக்கவே மாட்டார்கள். கொடுக்கலாம் என்று டாக்டர் முடிவு செய்ததே, அப்படி எதுவும் இல்லை என்று பார்த்த பிறகுதான்.

இப்போது சம்பந்தம். புற்றுநோய் செல் வெளியிலிருந்து வந்ததல்ல, நம் சொந்த செல் கெட்டுப்போனது. அதனால் உடம்பின் காவல் படை அதைப் பெரும்பாலும் கண்டுகொள்வதில்லை. டி.பி. குடும்பத்துக் கிருமி உள்ளே வந்தால் கதை வேறு. அந்தக் குடும்பத்தோடு மனித உடம்புக்கு ஆயிரக்கணக்கான வருடப் பகை. வாசனை பட்டாலே படை எழுந்துவிடும்.

பி.சி.ஜி. என்பது மாட்டுக்கு டி.பி. கொடுக்கும் மைக்கோபாக்டீரியம் போவிஸ் என்ற கிருமியை வீரியம் குறைத்து வளர்த்தது. செத்த கிருமி அல்ல, உயிருள்ளது. ஒரு டோஸில் கோடிக்கணக்கில் இருக்கும். கதீட்டர் என்ற மெல்லிய குழாய் வழியாக உள்ளே விட்டதும் அது சிறுநீர்ப்பையின் உட்சுவரில், அதிலும் புண்பட்ட இடங்களில் வெளிப்பட்டிருக்கும் ஃபைப்ரோனெக்டின் என்ற புரதத்தைப் பிடித்து ஒட்டிக்கொள்கிறது. அங்கே மிச்சமிருக்கும் புற்றுநோய் செல்கள் இந்தக் கிருமியை உள்ளே இழுத்துக்கொள்கின்றன. இழுத்துக்கொண்ட செல் சும்மா இருப்பதில்லை, இன்டர்லூகின் போன்ற ரசாயனச் சமிக்ஞைகளை வெளியே விடுகிறது. காட்டிக்கொடுப்பது அதுவேதான்.

சில மணி நேரத்தில் முதல் வரிசை வெள்ளை அணுக்களான நியூட்ரோஃபில்கள் வந்து குவியும். பின்னாலேயே மேக்ரோஃபேஜ் எனப்படும் விழுங்கு செல்கள், கிருமியின் துண்டுகளை அடையாளம் காட்டும் செல்கள், டி செல்கள், இயற்கைக் கொல்லி செல்கள் என்று ஒவ்வொன்றாக வரும். நியூட்ரோஃபில்கள் ட்ரெயில் என்ற புரதத்தை வெளியிடும். அது புற்றுநோய் செல்லைத் தானே மடியச் சொல்லும் உத்தரவு. டி செல்களும் கொல்லி செல்களும் நேரடியாகவே தாக்கும். கிருமியைத் தேடி வந்த படை, அது பதுங்கிய செல்லையும், பக்கத்தில் கெட்டுப்போய் நிற்கும் செல்லையும் சேர்த்தே அழிக்கிறது.

ஆக, பாக்டீரியா புற்றுநோயைத் தின்பதில்லை. அப்பாவின் உடம்பே அதை அழிக்கிறது, பாக்டீரியா அந்த உடம்பை எழுப்பிவிடுகிறது. இந்த ஒன்று மனதில் நின்றால், ஏன் இத்தனை டோஸ், ஏன் எரிச்சல், ஏன் சிலருக்குக் கொடுக்கக் கூடாது என்பதெல்லாம் தானே விளங்கும்.

நீடாமங்கலம்: நான் விவசாயி. விதை நெல்லுக்குக் கிலோவுக்கு 10 கிராம் சூடோமோனாஸ் கலந்து விதை நேர்த்தி செய்வோம். அதுவும் பாக்டீரியாதான். இதுவும் அது மாதிரிதானா?

ஐயா, வார்டில் இத்தனை வருடம் விளக்கியபோது எனக்கு இந்த உதாரணம் தோன்றவில்லையே என்று இருக்கிறது. ரொம்பப் பொருத்தம். சூடோமோனாஸ் இரண்டு வேலை செய்கிறது. குலை நோய், இலையுறை அழுகல் பூஞ்சணங்களோடு நேரடியாக மோதுவது ஒன்று. பயிரின் வேரைத் தொட்டு, பயிர் தன் எதிர்ப்பைத் தானே கூட்டிக்கொள்ளும்படி செய்வது இன்னொன்று. பி.சி.ஜி. இந்த இரண்டாவது வேலையைச் செய்கிறது. ஒரு வித்தியாசம் உண்டு. பயிருக்கு நோய் வருவதற்கு முன்பே விதை நேர்த்தி செய்கிறீர்கள். இங்கே நோய் வந்து, கட்டியை எடுத்த பிறகு, மறுபடி முளைக்காமல் இருக்கச் செய்கிறோம்.

பாபநாசம்: கட்டியை முழுவதும் எடுத்தாயிற்று என்று டாக்டரே சொன்னார். பிறகு எதற்கு இது?

கண்ணுக்குத் தெரிந்ததை எடுத்தாயிற்று என்று பொருள். சிறுநீர்ப்பைப் புற்றுநோயின் கெட்ட குணமே திரும்பத் திரும்ப வருவதுதான். களையை மேலாகக் கிள்ளிய வயல் போல.

கண்டுபிடிக்கும்போது சுமார் நான்கில் மூன்று பேருக்கு நோய் உட்சவ்வளவில்தான் இருக்கும், தசைக்குள் இறங்கியிருக்காது. ரிப்போர்ட்டில் டி.ஏ., டி.1, சி.ஐ.எஸ். என்று போட்டிருப்பது இந்த வகை. இதில் திரும்பி வரவோ ஆழமாக இறங்கவோ வாய்ப்பு அதிகம் உள்ளவர்களுக்குத்தான் பி.சி.ஜி. சி.ஐ.எஸ். என்பது சுவரில் பாசி படிந்தது போலத் தட்டையாகப் பரவுவது. அதை முழுக்கச் சுரண்டி எடுக்கவும் முடியாது. அதில் பி.சி.ஜி. போட்ட பத்தில் ஏழு பேர் அளவுக்கு நோய் முழுதாக மறைகிறது. தசைக்குள் இறங்கிவிட்ட புற்றுநோய்க்கு இந்த மருந்து போதாது, அதற்கு வழி வேறு.

திருத்துறைப்பூண்டி: என் கணவருக்குப் போன மாதம் ஒரு நாள் சிறுநீர் சிவப்பாகப் போனது. வலி இல்லை. அறுவடைக்கு வெயிலில் நின்ற சூடு என்று இளநீரும் வாழைத்தண்டுச் சாறும் கொடுத்தேன். இரண்டு நாளில் நின்றுவிட்டது. இருபது வருடமாகப் பீடி பிடிக்கிறார். பயப்பட வேண்டுமா?

அம்மா, இந்த வாரமே அவரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

நம் பக்கத்தில் இந்த "சூடு" என்ற ஒரு வார்த்தையால் எத்தனை பேர் ஒரு வருடம், இரண்டு வருடம் தாமதமாக வந்து படுத்தார்கள் என்பதை வார்டில் இருந்து பார்த்தவள் நான். வலியில்லாமல் ரத்தம் வந்து தானே நிற்பதுதான் சிறுநீர்ப்பைப் புற்றுநோயின் பொதுவான முதல் அடையாளம். கட்டியின் மேல்பகுதி கொஞ்சம் உரசி ரத்தம் கசியும், பிறகு நின்றுவிடும். இளநீர் நிறுத்தியது போலத் தெரியும். அது கொடுக்காவிட்டாலும் நின்றிருக்கும். வலி இருந்தாலாவது மனிதர் ஓடி வருவார். வலி இல்லாததுதான் இங்கே ஆபத்து.

எல்லா ரத்தமும் புற்றுநோய் அல்ல. கல், கிருமித் தொற்று, ப்ராஸ்டேட் வீக்கம் என்று பல காரணம் உண்டு. பீட்ரூட் சாப்பிட்டாலும் சிவக்கும், டி.பி. மாத்திரை ரிஃபாம்பிசின் போட்டால் ஆரஞ்சாகப் போகும். ஆனால் பீடி பிடிப்பவருக்கு வலியில்லாமல் ரத்தம் வந்தால் சிறுநீர்ப் பரிசோதனை, ஸ்கேன், தேவைப்பட்டால் சிஸ்டோஸ்கோப்பி (சிறுநீர்ப்பைக்குள் ஸ்கோப் விட்டுப் பார்ப்பது) செய்து பார்க்காமல் விடக் கூடாது. இந்தப் புற்றுநோயில் ஏறக்குறைய பாதிக்குக் காரணம் புகைதான். நுரையீரல் வழியே ரத்தத்தில் கலந்த நச்சைச் சிறுநீரகம் வடிகட்டி அனுப்ப, அது மணிக்கணக்கில் சிறுநீர்ப்பையில் தேங்கி நிற்கிறது. பீடியை இன்றைக்கே விடச் சொல்லுங்கள். நோய் இருப்பதாகத் தெரிந்தாலும் விடுவது வீண் போகாது.

திருபுவனம்: பட்டு நூலுக்குச் சாயம் போடும் வேலை, முப்பது வருடம். சாயத்தால் வரும் என்கிறார்களே?

சில சாயங்களால் வரும். 1895-லேயே ஜெர்மனியில் லுட்விக் ரேன் என்ற அறுவை மருத்துவர் சாயத் தொழிலாளர்களிடம் இதைக் கவனித்துச் சொன்னார். பென்சிடின் போன்ற அமைன்கள்தான் குற்றவாளி. அவற்றிலிருந்து செய்யும் சாயங்களுக்கு இந்தியாவில் 1990-களில் தடை வந்தது. நீங்கள் அதற்கு முன்பே தொழிலுக்கு வந்தவராக இருக்கலாம், இந்த நோய் பல வருடம் கழித்தும் தலை காட்டும். டாக்டரிடம் போகும்போது எந்தக் காரணத்துக்குப் போனாலும் "சாயவேலை செய்தவன்" என்று சொல்லிவிடுங்கள். கையுறை போடுங்கள், சாயக் கையோடு வெற்றிலை போடாதீர்கள்.

மயிலாடுதுறை: கல்லூரி மாணவன். டி.பி. மருந்தைப் புற்றுநோய்க்குப் போடலாம் என்று யாருக்குத் தோன்றியது?

பிரான்ஸில் லில் நகரத்துப் பாஸ்டர் நிறுவனத்தில் கால்மெட், கெரான் என்ற இருவர் 1908-ல் ஆரம்பித்து 13 வருடம், மாட்டுப் பித்தநீரில் ஊறிய உருளைக்கிழங்குத் துண்டுகளில் இந்தக் கிருமியை மாற்றி மாற்றி வளர்த்தார்கள். சுமார் 230 முறை. அப்படி வீரியம் போனதை 1921-ல் முதன்முதலாக ஒரு குழந்தைக்குக் கொடுத்தார்கள். பி.சி.ஜி.யில் உள்ள சி.யும் ஜி.யும் அவர்கள் இருவர் பெயர்தான். நம் கிண்டியில் பி.சி.ஜி. தயாரிக்கும் கூடம் 1948-ல் தொடங்கியது.

புற்றுநோய்ப் பக்கத்தில், 1891-ல் நியூயார்க்கில் வில்லியம் கோலி என்ற அறுவை மருத்துவர் கட்டிக்குள் கிருமியைச் செலுத்திப் பார்த்தார். 1929-ல் ரேமண்ட் பேர்ல் என்பவர் பிரேதப் பரிசோதனைக் குறிப்புகளை ஒப்பிட்டு, டி.பி. இருந்தவர்களிடம் புற்றுநோய் குறைவாக இருக்கிறதே என்றார். 1959-ல் லாயிட் ஓல்டும் அவர் குழுவினரும் பி.சி.ஜி. போட்ட எலிகளில் கட்டி வளரத் தடுமாறுவதைக் காட்டினார்கள். கடைசியில் கனடாவின் கிங்ஸ்டன் நகரத்தில் ஆல்வாரோ மொராலெஸ், சிறுநீர்ப்பைக்குள் நேராக விட்டுப் பார்த்து 1976-ல் எழுதினார். ஒன்பதே நோயாளிகள். அவர்களுக்குக் கட்டி திரும்பி வருவது வெகுவாகக் குறைந்தது. அவர் கொடுத்தது வாரம் ஒன்றாக ஆறு. மருந்துப் பெட்டியில் ஆறு குப்பி இருந்ததுதான் காரணம் என்று சொல்வார்கள். 1990-ல் அமெரிக்க அரசு அனுமதி கொடுத்தது. இன்றைக்கும் உலகம் முழுக்க முதல் சுற்று ஆறு வாரம்தான்.

பட்டுக்கோட்டை: வீட்டில் ஆறு மாதப் பேரன் இருக்கிறான். என்னிடமிருந்து அவனுக்கு டி.பி. ஒட்டுமா?

இருமலால் ஒட்டாது, பேரனைத் தாராளமாகத் தூக்கிக் கொஞ்சுங்கள். மருந்து இருப்பது உங்கள் சிறுநீரில். அதனால் கவனம் கழிவறையில் வேண்டும். மருந்து விட்ட நாளில் முதல் ஆறு மணி நேரம் உட்கார்ந்தே சிறுநீர் கழியுங்கள், தெறிக்கக் கூடாது. ஒவ்வொரு முறையும் கழித்த பிறகு பிளீச்சிங் கரைசலை ஊற்றி, 15 நிமிடம் விட்டுத் தண்ணீர் ஊற்றுங்கள். கையையும் உறுப்பையும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கொல்லையிலோ வாய்க்கால் ஓரத்திலோ போகாதீர்கள். துணியில் பட்டால் தனியாகத் துவைக்கச் சொல்லுங்கள்.

இன்னொருவர் ஊரும் போட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். தாம்பத்தியத்தில் தடை இல்லை. மருந்து விட்ட பிறகு இரண்டு நாள் தள்ளி வையுங்கள், ஒரு வாரம் வரை ஆணுறை போடுங்கள்.

கும்பகோணம்: மூன்று டோஸ் முடிந்தது. ஒவ்வொரு முறையும் அன்று இரவு எரிச்சல், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஓட்டம், லேசாகக் காய்ச்சல். மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று நிறுத்திவிடலாமா?

நிறுத்தாதீர்கள். உங்கள் உடம்பு விழித்துக்கொண்டதன் அறிகுறி இது. முதல் டோஸில் படை பழகுகிறது. மூன்றாவது, நான்காவதில் அது வேகமாகவும் பலமாகவும் வருகிறது. அதனால்தான் போகப் போக எரிச்சல் கூடுவது போல இருக்கும். மருந்து விட்ட சில மணி நேரத்தில் தொடங்கி, ஒன்றிரண்டு நாளில் அடங்கிவிட்டால் அது எதிர்பார்த்ததுதான். எரிச்சலுக்கும் காய்ச்சலுக்கும் என்ன மாத்திரை என்று டாக்டரிடமே கேளுங்கள், தருவார். எரிச்சல் வராதவர்களும் பயப்பட வேண்டாம், அவர்களுக்கும் மருந்து வேலை செய்யலாம்.

ஆனால் சில விஷயத்தில் ஒரு இரவுகூடப் பொறுக்கக் கூடாது. காய்ச்சல் 101.3 டிகிரிக்கு மேல் போய் ஒரு நாளைத் தாண்டினாலும், குளிர் நடுக்கம் வந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். மூட்டு வீக்கம், கண் சிவப்பு, விரை வீக்கம், மூச்சிரைப்பு, மஞ்சள் காமாலை ஆகியவற்றுக்கும் அப்படியே. கிருமி ரத்தத்தில் கலந்திருக்கலாம். அபூர்வம்தான், ஆனால் உயிருக்கு ஆபத்தானது. அதற்கு டி.பி. மாத்திரைகளே மருந்து, ஐசோனியசிட், ரிஃபாம்பிசின், எத்தாம்பியூட்டால். டி.பி.க்கு வழக்கமாகக் கொடுக்கும் பைரசினமைடு இந்தக் கிருமியிடம் எடுபடாது. அதனால் எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும், எந்த டாக்டர் பார்த்தாலும், "சிறுநீர்ப்பைக்குள் பி.சி.ஜி. போடுகிறேன்" என்பதுதான் உங்கள் வாயிலிருந்து வரும் முதல் வார்த்தையாக இருக்கட்டும். வெறும் வைரஸ் காய்ச்சல் என்று திருப்பி அனுப்பிவிடக் கூடாது.

நாகப்பட்டினம்: எரிச்சலுக்கு மெடிக்கலில் கேட்டு ஐந்து நாள் ஆன்டிபயாடிக் சாப்பிட்டேன். தவறா?

தவறுதான், இனி வேண்டாம். சிப்ரோஃப்ளாக்சசின், லெவோஃப்ளாக்சசின் வகை மாத்திரைகள் பி.சி.ஜி. கிருமியையும் கொன்றுவிடும், மருந்து வீணாகும். என்ன மாத்திரை, எத்தனை நாள் என்று அட்டையோடு போய் டாக்டரிடம் காட்டுங்கள்.

சீர்காழி: எனக்குக் கையில் பிறந்தபோது போட்ட பி.சி.ஜி. தழும்பு இருக்கிறது. முடக்குவாதத்துக்கு ஸ்டீராய்டு சாப்பிடுகிறேன். போடலாமா?

தழும்பு தடையே இல்லை. ஸ்டீராய்டை மட்டும் கண்டிப்பாகச் சொல்லுங்கள். எழுப்ப வேண்டிய படையையே அந்த மாத்திரை படுக்க வைக்கிறது. உயிருள்ள கிருமி என்பதால் அது பரவும் ஆபத்தும் உண்டு. சிறுநீரக மாற்று செய்தவர்கள், எச்.ஐ.வி. உள்ளவர்கள் விஷயத்திலும் டாக்டர் இருமுறை யோசிப்பார். முன்பு டி.பி. வந்து குணமானவர்களும் பழைய சீட்டுகளை எடுத்துப் போங்கள்.

வலங்கைமான்: பாக்டீரியா நல்லது என்றால் பழைய சோறும் மோரும் நிறையச் சாப்பிடலாமா?

ருசிக்குச் சாப்பிடுங்கள், உடம்புக்கும் நல்லதுதான். ஆனால் அந்தப் பாக்டீரியா குடலோடு நின்றுவிடும், சிறுநீர்ப்பைக்கு வராது. பி.சி.ஜி. கட்டி இருந்த இடத்தைத் தொட்டால்தான் வேலை. அதனால்தான் ஊசியாகவோ மாத்திரையாகவோ கொடுக்காமல் உள்ளே விடுகிறோம்.

ஒரத்தநாடு: ஆறு டோஸ் முடிந்து ஸ்கோப் பார்த்ததில் ஒன்றுமில்லை. இன்னும் மூன்று வருடம் வரச் சொல்கிறார்கள். ஜூன் 12 மேட்டூர் திறந்தால் குறுவை வேலை, தை வந்தால் சம்பா அறுப்பு. எப்படி வருவது?

அண்ணே, இந்தக் கேள்விக்குத்தான் நான் மற்ற எல்லாவற்றையும் எழுதினேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். எங்களிடம் ஆறு டோஸ் முடித்து, ஸ்கோப்பில் ஒன்றுமில்லை என்றதும் சந்தோஷமாகப் போய், இரண்டு வருடம் கழித்து ரத்தக்கட்டியோடு திரும்பி வந்தவர்களை நான் மறக்கவில்லை.

எழுப்பிய படை நாளாக ஆக அசந்துவிடும். மறுபடி எழுப்ப வேண்டும். டொனால்ட் லாம் தலைமையில் நடந்த அமெரிக்க ஆய்வு 2000-ல் வெளியானது. ஆறு டோஸோடு நிறுத்தியவர்களுக்கு நோய் திரும்பாமல் இருந்த காலத்தின் நடுமதிப்பு சுமார் 36 மாதம். தொடர் டோஸ் தரப்பட்ட பிரிவுக்குச் சுமார் 77 மாதம். இரண்டு மடங்குக்கும் மேல். அந்த முறைப்படி 3, 6, 12, 18, 24, 30, 36-ஆம் மாதங்களில் ஒவ்வொரு முறையும் வாரம் ஒன்றாக மூன்று டோஸ். ஆபத்து நடுத்தரமானவர்களுக்குப் பெரும்பாலும் ஒரு வருடத்தோடு முடிப்பார்கள், அதிகமானவர்களுக்குத்தான் மூன்று வருடம். அந்த ஆய்விலும் எல்லா டோஸையும் முழுதாக முடித்தவர்கள் 16 சதவீதம்தான். அப்படியும் அந்தப் பிரிவுக்கு அவ்வளவு பலன் கிடைத்தது. அதனால் ஒன்றிரண்டு தவறிவிட்டால் எல்லாம் போயிற்று என்று விட்டுவிடாதீர்கள், விட்ட இடத்திலிருந்து டாக்டரைப் பாருங்கள்.

முதல் இரண்டு சுற்றுக்குப் பிறகு வருடத்துக்கு இரண்டு தடவை, மூன்று மூன்று வாரம். நடவு நாள், அறுப்பு நாள் எல்லாவற்றையும் டாக்டரிடம் வெளிப்படையாகச் சொல்லிக் கேளுங்கள். ஒரு வாரம் முன்னே பின்னே தள்ள முடியுமா என்று அவர் பார்த்துச் சொல்வார். சொல்லாமல் வராமல் இருந்தால் யாராலும் உதவ முடியாது. இடையில் வரும் சிஸ்டோஸ்கோப்பியையும் விடாதீர்கள்.

குத்தாலம்: அண்ணனுக்கு பி.சி.ஜி. போட்டும் திரும்ப வந்துவிட்டது. அடுத்து என்ன?

போதுமான டோஸ் போட்டும் தீவிர வகை திரும்பினால், சிறுநீர்ப்பையை எடுத்துவிடுவதுதான் இன்றைக்கும் உறுதியான வழி. குடலின் ஒரு துண்டை வைத்துச் சிறுநீருக்குப் புது வழி அமைப்பார்கள். வயிற்றில் பை வைத்துக்கொண்டு வயலுக்குப் போய் வேலை பார்ப்பவர்களை எனக்குத் தெரியும். அறுவை தாங்காதவர்களுக்கும் வேண்டாம் என்பவர்களுக்கும் புது மருந்துகள் வந்திருக்கின்றன. டி செல்லின் கட்டை அவிழ்த்துவிடும் பெம்ப்ரோலிசுமாப் என்ற மருந்துக்கு அமெரிக்காவில் 2020-ல் அனுமதி கிடைத்தது. பி.சி.ஜி.யோடு சேர்த்து உள்ளே விடும் அன்க்டிவா என்ற மருந்துக்கு 2024-ல். அண்ணனுக்கு எது பொருந்தும் என்பதை ஒரு புற்றுநோய் மருத்துவரிடமும் கேட்டு முடிவு செய்யுங்கள், தள்ளிப் போடாமல்.

வேதாரண்யம்: நான் சென்னையில் வேலை. திங்கட்கிழமை அப்பாவுக்கு முதல் டோஸ், தஞ்சாவூரில். அம்மாதான் கூடப் போகிறார். என்ன சொல்லி அனுப்பட்டும்?

அன்று காலை நான்கு மணி நேரம் முன்பிருந்தே தண்ணீரைக் குறைக்கச் சொல்லுங்கள், காப்பி வேண்டாம். அப்போதுதான் மருந்தை இரண்டு மணி நேரம் அடக்கி வைக்க முடியும். காய்ச்சலோ சிறுநீரில் ரத்தமோ இருந்தால் மருந்து விடும் முன்பே சிஸ்டரிடம் சொல்ல வேண்டும், அன்றைக்குத் தள்ளி வைப்பார்கள். கதீட்டர் போடும்போது ரத்தம் வந்தாலும் தள்ளி வைப்பார்கள். அதற்காகக் கோபப்பட வேண்டாம், கிருமி ரத்தத்தில் கலக்காமல் காப்பதற்குத்தான்.

மருந்தை வெளியே வாங்கி வரச் சொன்னால் ஐஸ் பெட்டியில் 2 முதல் 8 டிகிரிக்குள் வைத்து, வெயில் படாமல் கொண்டு போக வேண்டும். நம் ஊர் வெயிலில் பையில் போட்டுப் பஸ்ஸில் கொண்டுவந்த மருந்து எப்படி வேலை செய்யும்? கைக்குப் போடும் தடுப்பூசிக் குப்பி இதற்கு ஆகாது, அளவு பல மடங்கு வேறு.

மருந்து விட்டதும் வேதாரண்யம் பஸ்ஸைப் பிடிக்க ஓட வேண்டாம். இரண்டு மணி நேரமும் ஆஸ்பத்திரியிலேயே இருந்து, அங்கேயே சிறுநீர் கழித்துவிட்டுக் கிளம்பட்டும். பிறகு தண்ணீர் நன்றாகக் குடிக்கலாம். ஆனால் ஆறு மணி நேரக் கணக்கு பஸ்ஸிலும் ஓடும். வழியில் இறங்கி மரத்தடியில் போகிற நிலை வரும். முடிந்தால் அன்று தஞ்சாவூரில் உறவினர் யார் வீட்டிலாவது தங்கிவிட்டு, மறுநாள் காலை கிளம்பட்டும். அந்த வீட்டுக் கழிவறையில் ஒரு வாளித் தண்ணீரும் பிளீச்சிங் பவுடர் பொட்டலமும் முன்பே எடுத்து வைக்கச் சொல்லி இன்றைக்கே போன் செய்துவிடுங்கள்.